சீமைப் பெருச்சாளிகளின் சமாதானம்

நமக்கு மிகவும் வேண்டிய ஒரு குடும்பத்தில், சென்ற வருஷம் விஜயதசமியன்று இரண்டு சீமைப் பெருச்சாளிகள் குடி புகுந்தன. குழந்தைகள் இருவர், ஆகையால் பிராணிகளும் இரண்டு. ஒரே ஈற்றில் பிறந்த சகோதரர்கள் என்று விற்றவர் உறுதி சொல்லியிருந்தார். ஒன்று கறுப்பும் வெள்ளையும் கலந்தது. மற்றொன்று வெல்லப் பாகின் நிறம். ஒன்றின்மேல் ஒன்று தலையை வைத்துக்கொண்டு அவை உறங்கிய அழகைப் பார்த்துவிட்டு, அந்த வீட்டுப் பாட்டி ராமன், லக்ஷ்மணன் என்று அவற்றுக்கு நாமகரணம் செய்தார்.

தை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் பற்களைக் கடகடவென்று கடிக்கும் சத்தம் கேட்டு வீட்டார் விழித்துக்கொண்டார்கள். ஓடிப் போய்ப் பார்த்தபோது கூட்டில் ராமனையும் லக்ஷ்மணனையும் காணோம். வாலியும் சுக்ரீவனும் அங்கே கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். லக்ஷ்மணனின் காது கிழிந்திருந்தது. விலக்கப் போன வீட்டு யஜமானருக்கு ஆள்காட்டி விரலில் நல்ல கடி. அன்றைக்கே இன்னொரு கூடு வாங்கி வந்து, சகோதரர்களைப் பாகப் பிரிவினை செய்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சண்டை இல்லை. ஆனால் சத்தமும் இல்லை. காலையில் கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் ஓசை கேட்டவுடன் "வீக், வீக்" என்று வீட்டையே கூட்டிக்கொண்டிருந்த பிராணிகள், ஒவ்வொன்றும் ஒரு மூலையில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. "ஆணாய்ப் பிறந்ததற்காக இவை ஆயுள் முழுவதும் தனிச் சிறையில்தான் கிடக்க வேண்டுமா?" என்று அந்த வீட்டு அம்மாள் நம்மைக் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடை தேடிச் சென்றபோது நாம் அறிந்துகொண்ட விஷயங்களை நேயர்களுக்கும் சொல்லலாமென்று தோன்றியது.

முதலில் இந்தப் பிராணியின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சீமைப் பெருச்சாளி என்று நம் முன்னோர் அழைத்தார்கள். கினி எலி என்பாரும் உண்டு, கினிப் பன்றி என்பாரும் உண்டு. உண்மையில் இது சீமையில் பிறந்ததுமன்று, பெருச்சாளியுமன்று. ஆப்பிரிக்காவிலுள்ள கினி தேசத்துக்கும் இதற்கும் யாதொரு பாத்தியதையும் இல்லை. ஜெர்மானியர் இதைக் கடல் பன்றிக்குட்டி என்கிறார்கள். பிரெஞ்சுக்காரரோ 'இந்தியப் பன்றி' என்றே சொல்லிவிட்டார்கள்! மேற்கே கப்பலோட்டிப் போய் இறங்கிய இடத்தை இந்தியா என்று நினைத்துக்கொண்ட கொலம்பஸின் பிழை, அந்த நாட்டு மக்களோடு நிற்காமல் இந்த ஏழை ஜந்துவின் முதுகிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் தேசத்தின் பெயரை ஐரோப்பியர் எவ்வளவோ காரியங்களுக்கு உபயோகித்திருக்கிறார்கள். அவற்றுள் இது அதிகக் கெடுதல் இல்லாத காரியம் என்று விட்டுவிடுவோம்.

இதன் ஜன்மபூமி தென் அமெரிக்காவிலுள்ள ஆண்டீஸ் மலைப் பிரதேசம். பெரு, பொலிவியா, ஈக்வடார் ஆகிய நாடுகளின் மலைக் கிராமங்களில் பல்லாயிரம் வருஷங்களாக இதை வளர்த்து வருகிறார்கள். அங்கே இதற்குப் பெயர் 'குய்'. அது கத்தும் ஓசையே பெயராகிவிட்டது. அடுப்பங்கரையின் கதகதப்பில், சமையலறைத் தரையிலேயே அது ஓடித் திரியும். வளர்ப்பது கொஞ்சுவதற்காக அல்ல, உண்பதற்காக. கூஸ்கோ நகரத்து மாதா கோயிலில் மார்க்கோஸ் ஸபாட்டா என்னும் சித்திரக்காரர் 1753-ஆம் ஆண்டில் எழுதியதாகச் சொல்லப்படும் ஏசுநாதரின் கடைசி விருந்துப் படம் இருக்கிறது. அதில் மேஜை நடுவில் மல்லாந்து கிடப்பது கினி எலிதான் என்று அந்த ஊரார் பெருமையோடு காட்டுவார்கள்.

அந்த மலை நாட்டில் ஓர் ஆணுக்கு ஏழெட்டுப் பெண்கள் என்ற கணக்கில் வைத்து வளர்ப்பது வழக்கம். மிஞ்சிய ஆண்கள் என்ன ஆகின்றன? சண்டை போடும் வயதை எட்டுவதற்கு முன்பே பெரும்பாலும் அடுப்பை எட்டிவிடுகின்றன. ஆகவே ஆண்களை எப்படிச் சமாதானமாக ஒன்றாய் வைத்திருப்பது என்னும் பிரச்னை அங்கே அநேகமாக எழுவதில்லை. பாசத்துக்காக வளர்க்கும் வீடுகளில்தான் அது எழுகிறது. பிறக்கும் குட்டிகளில் ஏறக்குறையப் பாதி ஆண். குட்டி பெருகாமல் இருக்க வேண்டுமென்று ஆண், பெண்ணைப் பிரித்துவிட்டால், பெண்கள் கூட்டமாக வாழ்ந்துவிடுகின்றன. ஆண்கள் ஒவ்வொன்றும் ஒரு பெட்டிக்குள் அடைபடுகின்றன. ஐந்து வருஷம் முதல் எட்டு வருஷம் வரை உயிரோடு இருக்கும் பிராணி இது. அவ்வளவு காலமும் தன் இனத்தின் குரலுக்குப் பதில் சொல்ல ஒரு ஜீவனும் இல்லாமல் இருப்பதென்பது, கூட்டத்துக்காகவே படைக்கப்பட்ட ஜந்துவுக்கு இலேசான தண்டனையன்று.

மூன்ஸ்டர் நகரத்துப் பாடம்

ஆண் கினி எலிகள் சண்டை போடுவது பிறவிக் குணமா, பழகிய குணமா? ஓரளவு பிறவிக் குணம் என்றே சொல்ல வேண்டும். தென் அமெரிக்கப் புல்வெளிகளில் இன்றும் திரிந்துகொண்டிருக்கும் காட்டுக் கினி எலி இதன் நெருங்கிய பங்காளி. அதில் வயது வந்த ஆண்கள் இரண்டை ஓர் அடைப்பில் விட்டால் ஒத்துப்போவதே அரிது. வீட்டுக் கினி எலியோ பல்லாயிரம் வருஷம் மனிதனுடைய சமையலறையில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தது. முரடர்களுக்கு அங்கே இடமில்லை. ஆகவே பொறுமை உள்ளவையே பெருகின. இன்று அது தன் காட்டுப் பங்காளியைவிடக் குறைவாகச் சண்டை போடுகிறது, அதிகமாகப் பேசுகிறது.

ஆனால் மீதிப் பாதி பழக்கத்தினால் வருவது. இதைத் தெளிவாக்கியவர்கள் ஜெர்மனி தேசத்து ஆராய்ச்சியாளர்கள். மூன்ஸ்டர் சர்வகலாசாலைப் பேராசிரியர் நோர்பர்ட் ஸாக்ஸரும் அவருடைய சகாக்களும் 1980-களில் தொடங்கிப் பல வருஷம் கினி எலிகளின் சமூக வாழ்க்கையையே உற்றுக் கவனித்து வந்தார்கள். அவர்கள் செய்த பரிசோதனைகளில் ஒன்று நம் விஷயத்துக்கு நேராக விடை சொல்கிறது.

ஆணும் பெண்ணும் பெரியதும் சிறியதுமாகக் கலந்து வாழும் கூட்டத்தில் சில ஆண் குட்டிகளை வளர விட்டார்கள். வேறு சில ஆண்களைத் தனியாக வளர்த்தார்கள். இரண்டு வகையும் வாலிபப் பருவம் எய்தியபின், முன்பின் அறியாத வேறொரு கூட்டத்தில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் விட்டார்கள். கூட்டத்தில் வளர்ந்தவன் புது ஊருக்குப் போன நல்ல விருந்தாளியைப் போல் நடந்துகொண்டான். ஓரமாகச் சுற்றிப் பார்த்தான். அந்த ஊர் ஆண்கள் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டான். அவர்களுடைய பெண்களிடம் அநாவசியமாக நெருங்கவில்லை. யாரும் அவனைப் பெரிதாகத் தாக்கவில்லை. உடல் எடை குறையவில்லை. பயமும் சங்கடமும் ஏற்படும்போது இரத்தத்தில் மிகுதியாகும் கார்ட்டிஸால் என்னும் சுரப்பு நீரும் குறிப்பிடத்தக்கபடி ஏறவில்லை. தனியாக வளர்ந்தவன் கதை வேறு. அவன் போனவுடனேயே கண்ணில் பட்ட பெண்ணையெல்லாம் சுற்றிச் சுற்றி வந்தான். ஊர் ஆண்கள் திரண்டு வந்து தாக்கினார்கள். அவன் ஒதுங்கத் தெரியாமல் எதிர்த்து நின்றான். நாளுக்கு நாள் இளைத்தான். சுரப்பு நீர் வெகுவாக உயர்ந்தது. இருவரும் ஒரே ஜாதி, ஒரே வயது, ஒரே ஆகாரம். வளர்ந்த விதம் ஒன்றுதான் வித்தியாசம்.

இன்னும் நுட்பமான சங்கதி ஒன்று உண்டு. ஒரே ஒரு பெண் துணையோடு மட்டும் வளர்ந்த ஆணும் பிற ஆண்களைச் சந்தித்தபோது மூர்க்கமாகவே சண்டையிட்டது. ஆகவே துணை இருந்தால் மட்டும் போதாது. வாலிபம் அரும்பும் பருவத்தில், தன்னிலும் மூத்த ஆண்களிடம் விரட்டுப்பட்டு, "இந்த இடத்தில் ஒதுங்க வேண்டும், இன்னாரிடம் வாலாட்டக் கூடாது" என்று கற்றுக்கொள்ள வேண்டும். (கினி எலிக்கு வால் வெளியே தெரியாது என்று நேயர்கள் ஆட்சேபிப்பது வாஸ்தவம்தான்.) அந்தப் பருவத்தில் பாடம் கற்றவன் பிறகு எந்த ஆணோடும் இரத்தம் சிந்தாமல் பேசித் தீர்த்துக்கொள்கிறான். கற்காதவன் ஒவ்வொரு சந்திப்பையும் குருக்ஷேத்திரம் ஆக்குகிறான்.

கூட்டம் சிறியதாக இருந்தால் ஆண்களிடையே முதல்வன், இரண்டாமவன் என்று வரிசை ஏற்படுகிறது. கூட்டம் பெருத்து நெருக்கமானால் என்ன நேரிடும்? சண்டை மிகும் என்றுதான் நாமெல்லாம் எதிர்பார்ப்போம். மிகவில்லை. ஏதோ மாகாண சுயாட்சித் திட்டம் வகுத்தாற்போல் கூட்டம் பல பிரிவுகளாகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைவன், அவனுடைய பெண்கள், அவனுக்கென்று ஓரிடம். ஒருவன் எல்லைக்குள் மற்றவன் புகுந்து வம்பு செய்வதில்லை. தலைவனாகாத ஆண்களும் அந்த ஏற்பாட்டை மதித்து நடக்கின்றன. இதைப் படிக்கும்போது சட்டசபை நடவடிக்கைகள் யாருக்காவது ஞாபகம் வந்தால் நாம் பொறுப்பாளியல்ல.

நம் நண்பர் வீட்டில் நிகழ்ந்தது இப்போது விளங்கும். ராமனும் லக்ஷ்மணனும் தாயைப் பிரிந்தபின் எந்த மூத்த ஆணையும் கண்டதில்லை. நான்கு மாதத்தில் இரண்டு உடம்பிலும் ஒரே சமயத்தில் வாலிபம் புகுந்தது. யார் பெரியவன் என்று தீர்மானிக்கும் மரியாதை இரண்டுக்கும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் போதிய இடமும் இல்லை.

மூன்று வேண்டாம்

ஆகையால் ஆண்களை வளர்க்க விரும்பும் வீட்டார், கடைக்குப் போய் ஒத்த வயதுக் குட்டிகள் இரண்டை வாங்கி வருவது உசிதமான முறையன்று. அப்படி வாங்கிய சகோதரர்கள் ஆயுள் முழுவதும் அன்னியோன்னியமாக இருப்பதும் உண்டு. ஆனால் அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதைவிட நல்ல யோசனை, வயது வந்த, நிதானமான ஆண் ஒன்றும், பால்குடி மறந்த குட்டி ஒன்றும். ஆண் குட்டியைச் சுமார் மூன்று வாரத்தில் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரித்தாக வேண்டும். தாமதித்தால் அந்தப் பிஞ்சு வயதிலேயே குடும்பம் பெருகிவிடும்! அப்போது அதைத் தனியே போடாமல், பெரிய ஆணிடம் சேர்த்துவிட்டால், மூன்ஸ்டர் பாடத்தை வீட்டிலேயே கற்றுக்கொள்கிறது. வயது வித்தியாசம் இருப்பதால் யார் பெரியவன் என்ற கேள்வியும் எழாது. பிற்காலத்தில் இளையவன் ஒரு முறை மூத்தவனைச் சோதித்துப் பார்ப்பான். மூன்றாம் மாதத்திலிருந்து ஒரு வருஷம் முடியும் வரை அந்தச் சோதனைக் காலம். அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை.

இரண்டுக்கு மேல் வைக்கலாமா? இங்கே நம் அபிப்பிராயம் கண்டிப்பானது. மூன்று ஆண்கள் என்பது ஆகவே ஆகாத கணக்கு. இருவர் சேர்ந்துகொண்டு ஒருவனை விரட்டுவதும், விரட்டுப்பட்டவன் புல்லுக்கும் தண்ணீருக்கும் வர அஞ்சி மெலிவதும் அடிக்கடி காணும் காட்சி. நான்கைந்து ஆண்கள், அதற்கும் மேற்பட்ட கூட்டம் ஆகியவற்றை ஜெர்மனியில் திறமையோடு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பிரம்மசாரிகள் கூடித் தங்கும் விடுதிக்கு ஒப்பிட்டு அதற்கு ஒரு வேடிக்கைப் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஓர் அறையையே அதற்கு ஒதுக்கிவிடுகிறார்கள்; மூத்த ஆண்களின் கீழ் வளர்ந்தவற்றையே பொறுக்கிச் சேர்க்கிறார்கள்; இன்னின்ன இரண்டு ஒத்துப்போகவில்லை என்றால் உடனே பிரித்து வைக்க வேறு கூடும் தயாராக வைத்திருக்கிறார்கள். அவ்வளவுக்கு வசதியில்லாதவர்கள் இரண்டோடு நிற்பதே நல்லது.

இன்னொன்று: பெண் கினி எலி அந்த வீட்டில் எங்குமே இருக்கக் கூடாது. அடுத்த அறையில் இருந்தாலும் வாசனை வந்துவிடும். பெண்ணைத் தொட்ட கையை அலம்பாமல் ஆண்களின் கூட்டில் வைத்ததனால் பல மாத நட்பு ஒரு நாழிகையில் முறிந்துபோன வீடுகள் உண்டு.

கூட்டின் அமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சண்டைகளில் பாதிக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. கடைகளில் விற்கும் கம்பிக் கூடுகள் கண்ணுக்கு அழகாயிருக்கின்றன. இரண்டு ஆண்களுக்கு அவை போதவே போதா. பத்துச் சதுர அடிக்குக் குறையாத தரை வேண்டும். அதிகமாயிருந்தால் இன்னும் க்ஷேமம். மாடிமேல் மாடி கட்டி இடத்தைப் பெருக்கிவிட்டோமென்று திருப்தி அடைவது பிசகு. இது தரையில் ஓடும் பிராணி. நீள அகலம்தான் அதற்குக் கணக்கு. கூடத்தின் ஒரு மூலையில், ஓர் அடி உயரத்துக்குப் பலகையோ கம்பி வலையோ நிறுத்தி, நாய் பூனை வராத இடத்தில் தரையையே அடைத்துக் கொடுத்துவிடுவது செலவு குறைந்த ஏற்பாடு.

அதற்குள் எதுவும் ஒற்றையாக இருக்கக் கூடாது. புல் வைக்கும் இடம் இரண்டு. தண்ணீர்ப் புட்டி இரண்டு. ஒளிந்துகொள்ளும் பெட்டி இரண்டு, முடிந்தால் மூன்று. அந்தப் பெட்டிக்கு வாசலும் இரண்டு வேண்டும். ஒரே வாசல் உள்ள பெட்டிக்குள் ஒருவன் மற்றவனை மடக்கிவிட்டால், ஓட வழியில்லாதவன் கடித்துத்தான் தீருவான். அட்டைப் பெட்டியில் எதிரெதிராக இரண்டு துவாரம் வெட்டினால் காரியம் முடிந்தது. காய்கறியையும் ஒரே தட்டில் குவிக்காமல், இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளாமல் தின்னும்படி தூரதூரமாகத் தூவிவிட வேண்டும்.

சுத்தம் செய்வதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆண் கினி எலிக்கு முதுகின் அடியில், வால் இருக்க வேண்டிய இடத்துக்கு அருகே, ஒரு வாசனைச் சுரப்பி உண்டு. பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு போய், "இது என் இடம்" என்று அது கையெழுத்துப் போட்டு வைக்கிறது. நம் வீட்டுப் பெண்மணிகள் மிகுந்த ஆசாரத்தோடு கூட்டையெல்லாம் ஒரே நாளில் கழுவி, எல்லாத் துணியையும் மாற்றிவிட்டால், பத்திரங்கள் அத்தனையும் ஒரேயடியாக அழிந்துபோகின்றன. மறுபடியும் பட்டா எழுதும் தகராறு தொடங்கிவிடுகிறது. தினமும் ஈரமான இடத்தை மட்டும் எடுத்துவிட்டு, முழுச் சுத்தம் செய்யும் நாளிலும் பழைய படுக்கையில் ஒரு பிடியைப் புதியதோடு கலந்துவிடுவது நல்லது. இதே காரணத்தினால் ஒன்றை மட்டும் குளிப்பாட்டி வாசனையோடு திருப்பி விடுவதும், ஒன்றை மட்டும் வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சில நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவருவதும் ஆபத்து. வைத்தியரிடம் போகும்போது நோயில்லாத தோழனும் கூடவே போகட்டும்.

ஆட்டமும் அடிதடியும்

இரண்டு ஆண்களை முதல் தடவை சேர்க்கும்போது, ஒருவன் கூட்டில் மற்றவனைக் கொண்டுபோய்ப் போடக் கூடாது. இருவருக்கும் சொந்தமில்லாத விசாலமான தரையில், நடுவில் ஏராளமாகப் புல்லைப் பரப்பி, இரண்டையும் ஒரே சமயத்தில் இறக்கிவிட வேண்டும். அருகில் ஒரு கெட்டியான துவாலையும் ஒரு முறமும் இருக்கட்டும். பிறகு வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளாமல், ஒரு மணியோ இரண்டு மணியோ, உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பார்ப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் தவறிவிடுகிறார்கள். ஒருவன் "டுர்ர்ர்" என்று அடிக்குரலில் உறுமிக்கொண்டு, இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்து, மற்றவனைச் சுற்றி வருவான். பின்புறத்தை முகர்வான், மேலே ஏறுவான், சற்றுத் துரத்துவான். துரத்தப்பட்டவன் பிராணன் போவது போலக் கத்துவான். இதைக் கண்டு குழந்தைகள் அழ, பெரியவர்கள் பாய்ந்து பிரித்துவிடுகிறார்கள். இவ்வளவும் சண்டையல்ல, சண்டை வராமல் இருப்பதற்காகச் செய்யும் பேச்சுவார்த்தை. கத்துகிறவன் "நீயே பெரியவன், ஒப்புக்கொண்டேன்" என்கிறான். ஒவ்வொரு தடவையும் நடுவில் புகுந்து பிரித்தால் பேச்சுவார்த்தை முடிவதே இல்லை. அடுத்த முறை ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பற்களைக் கடகடவென்று ஆட்டுவது எச்சரிக்கை. சில விநாடியில் ஒருவன் விலகிப் போனால் சரி. இருவரும் எதிரெதிரே நின்று, பிடரி மயிர் சிலிர்க்க, தலையை உயர்த்தி, பல் தெரிய வாயைப் பிளந்தார்களானால் ஜாக்கிரதை. தூக்கம் வந்து கொட்டாவி விடுகிறதென்று எண்ணிவிடக் கூடாது. அது தன் ஆயுதத்தைக் காட்டுகிறது. அடுத்த படி, இரண்டும் ஒரு பந்தாகச் சுருண்டு புரள்வது. அப்போது இடையே முறத்தைச் செருக வேண்டும். அல்லது துவாலையைப் போட்டு மூட வேண்டும். வெறுங்கையை மட்டும் நீட்டக் கூடாது. நம் நண்பரின் ஆள்காட்டி விரல் இதற்குச் சாட்சி.

உரோமம் சிறிது பிய்வதோ, மேலாகக் கீறல் படுவதோ பெரிய குற்றமன்று. ஆழமான காயமும் இரத்தமும் கண்டால் அந்த ஜோடியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். வலிய மறுபடியும் சேர்த்து வைத்துப் பார்ப்பது பிராணிகளுக்குச் செய்யும் கொடுமை. பிரிப்பது என்றால் வேறு வேறு அறைக்கு அனுப்புவது என்று அர்த்தமல்ல. நடுவில் கம்பி வலையை நிறுத்தி, பார்க்கவும் முகரவும் பேசவும் இடம் வைத்துப் பிரித்தால், துணையும் இருக்கிறது, பல்லும் படுவதில்லை.

காயடித்துவிட்டால் சண்டை நின்றுவிடுமே என்று கேட்கிறவர்கள் உண்டு. ஏற்கெனவே பகைத்துக்கொண்ட இரண்டு பெரிய ஆண்களை அது நண்பர்களாக்கிவிடும் என்று நம்புவதற்கில்லை. அதன் உபயோகம் வேறு. காயடித்த ஆணை, ஆறு வாரம் தனியே வைத்திருந்து, பிறகு ஒன்றிரண்டு பெண்களோடு சேர்த்துவிட்டால், குட்டி பெருகும் பயமின்றி அது சந்தோஷமாகக் குடித்தனம் நடத்தும். கினி எலிகளில் இதைவிட அமைதியான குடும்பம் இல்லை. ஆனால் சிறிய பிராணிகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கமுள்ள வைத்தியர் கிடைத்தால்தான் இந்த யோசனை.

பல மாதம் ஒற்றுமையாயிருந்தவை திடீரென்று கடித்துக்கொண்டால், குணத்தைப் பழிப்பதற்கு முன்பு உடம்பைப் பரிசோதிக்க வேண்டும். தோலில் சொறிப்பூச்சி பற்றியிருக்கலாம். பல் நீண்டு வாயில் குத்தலாம். இதன் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எந்நேரமும் உலர்ந்த புல்லை மென்று தேய்த்தால்தான் அளவில் நிற்கும். மனிதனைப் போலவே கினி எலிக்கும் வைட்டமின் ஸியைத் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ளும் சக்தி கிடையாது. நார்வே தேசத்தில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்னும் இருவர் 1907-ஆம் ஆண்டில் வெறும் தானியம் கொடுத்து வளர்த்த கினி எலிகளுக்கு ஸ்கர்வி நோய் கண்டதை வெளியிட்டார்கள். கப்பல்காரர்களைக் கொன்ற அந்த நோயின் மர்மம் விளங்குவதற்கு இந்தப் பிராணியே வழி காட்டிற்று. அந்தச் சத்துக் குறைந்தால் மூட்டுகள் வீங்கி வலிக்கும். மூட்டு வலியோடு இருப்பவன்மேல் தோழன் ஏறி விளையாடினால் கடிக்காமல் என்ன செய்வான்? குடைமிளகாய், கொத்தமல்லி, ஒரு துண்டு கொய்யா ஆகியவை தினப்படி வேண்டும். குளிர்ந்த மலைப் பிராணியாதலால் வெயிலும் ஆகாது. நம் ஊர்ச் சித்திரையில் குளிர்ந்த நீர் நிரப்பிய மண் பானையைக் கூட்டில் வைத்தால் அதன்மேல் சாய்ந்து படுக்கும். அதுவும் இரண்டு பானை!

ஸ்விட்ஸர்லாந்தில் 2008-ஆம் ஆண்டு வந்த பிராணி பாதுகாப்பு விதிகளின்படி கினி எலியைத் துணையின்றி ஒற்றையாக வளர்ப்பது சட்ட விரோதம். அங்கே ஒரு சங்கடம் முளைத்தது. இரண்டில் ஒன்று இறந்துபோனால் மற்றதற்குத் துணை தேட வேண்டும். புதிதாக ஒன்றை வாங்கினால், பழையது இறந்தபின் புதியது ஒற்றையாகும். சங்கிலி முடியவே முடியாது. இதற்குப் பரிகாரமாக, கிழப் பருவத்துக் கினி எலிகளுக்குத் துணையை வாடகைக்குக் கொடுத்து வாங்கும் ஓர் ஏற்பாடு அந்த நாட்டில் நடப்பதாக 2011-ஆம் ஆண்டில் பத்திரிகைகள் எழுதின. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், கத்திப் பார்த்தும் பதில் வராமல் மூலையில் திரும்பி உட்கார்ந்திருக்கும் ஒற்றைக் கினி எலியைப் பார்த்திராதவர்கள்.

நம் நண்பர் வீட்டில் சகோதரர்களை மறுபடி சேர்த்துவைக்க ஒரு முயற்சி செய்தார்கள். முற்றத்தில் புல்லைப் பரப்பி, இரண்டையும் இறக்கிவிட்டு, முறத்தோடு உட்கார்ந்தோம். ஐந்து நிமிஷத்தில் முறத்துக்கு வேலை வந்துவிட்டது. இனிச் சேராது என்று தெரிந்துபோயிற்று. பிறகு கூடத்தின் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்து, நடுவில் கம்பி வலை நிறுத்தி, வலைக்கு இந்தப் புறம் ராமனுக்கு ஒரு மாதக் குட்டி ஒன்றும், அந்தப் புறம் லக்ஷ்மணனுக்கு அதே வயதுக் குட்டி ஒன்றும் துணையாக விட்டார்கள். முதல் நாள் இரண்டு குட்டிகளும் நன்றாக விரட்டுப்பட்டன. மூன்றாம் நாள் பெரியவற்றின் விலாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கின. சென்ற வாரம் போயிருந்தபோது கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சத்தத்துக்கு நான்கு குரல்கள் ஒன்றாக எழுந்தன. இரண்டு நான்காகிவிட்டதில் யஜமானருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்; மார்க்கெட்டுக்குப் போகும் பை இப்போது பெரிதாக வேண்டியிருக்கிறது. பாட்டி புதிய இரண்டுக்கும் பரதன், சத்ருக்னன் என்று பெயர் வைத்துவிட்டார்.